சுனாமி எச்சரிக்கை கலெக்டருக்கு வந்துவிடும். கடலில் குளிக்கும் உங்களுக்கு வருமா?

லீவு விட்டால் போதும். வேன் பிடித்துக்கொண்டு வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, ராமேசுவரம், மாமல்லபுரம் என்று குடும்பத்தோடு கிளம்பி விடுகிறோம்.

புளிசாதம் கட்டியாச்சா, பிள்ளைகளுக்கு மாற்று டிரஸ் எடுத்தாச்சா, செல்போனுக்கு சார்ஜ் போட்டாச்சா என்று எல்லாம் பார்க்கிறோம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பது இல்லை.

"போகிற இடத்தில் கடல் பொங்கினால் எந்த பக்கம் ஓடுவது?"

கேட்டுப்பாருங்கள். "நல்ல காரியத்துக்கு கிளம்பும்போது இப்படியா பேசுறது?" என்று வீட்டில் பெரியவர்கள் வாயை அடைத்து விடுவார்கள்.

சுனாமி வந்து 20 வருடம் தாண்டிவிட்டது. கடலோரத்தில் குடியிருக்கும் மீனவ மக்கள் அதை மறக்கவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 26-ந்தேதி கடலில் பால் ஊற்றி, பூ தூவி அழுகிறார்கள். ஆனால் ஒருநாள், 2 நாள் கடலை பார்க்க வரும் வெளியூர் ஆட்கள்? அவர்களுக்கு கடலும் புதுசு, ஊரும் புதுசு.

இன்னொரு முறை அலை வந்தால் அதிகம் சிக்கப்போவது யார் என்பதுதான் இப்போது கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பூமி பிளந்தது. ரிக்டர் அளவு 9-ஐ தாண்டிய பூகம்பம். சுமத்ராவில் தொடங்கி நிக்கோபார், அந்தமான் வரை சுமார் 1,300 கிலோ மீட்டர் நீளத்துக்கு கடல் தரை முறிந்தது.

சென்னையில் கூட கட்டில் ஆடியது, பாத்திரம் உருண்டது. தூக்கம் கலைந்து வெளியே வந்து நின்றவர்கள் "என்னமோ ஆடுச்சே" என்று பேசிவிட்டு மறுபடியும் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

காலை 9 மணி வாக்கில் ராட்சத அலைகள் தமிழக கரையில் ஏறின.

தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் பலி. அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேல். கன்னியாகுமரி மாவட்டத்தில் 800-க்கும் மேல். கடலூரில் 600-க்கும் மேல். சென்னையில் 200-க்கும் மேல். இந்து மகாசமுத்திரத்தை சுற்றியுள்ள நாடுகளில் மொத்தம் 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் கடலோர மீனவ குடும்பத்தினர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த பட்டியலில் வெளியூர்க்காரர்களும் ஏராளம்.

வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் கூட்டம் இன்னும் கலையவில்லை. பேராலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையில் குளித்துக்கொண்டு இருந்தவர்களும், கடைத்தெருவில் நின்றவர்களும் சிக்கினார்கள். எந்த ஊரில் இருந்து வந்தார்கள், யாரோடு வந்தார்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் புதைக்கப்பட்ட உடல்கள் பல.

சென்னை மெரினாவில் வாக்கிங் போனவர்கள், கிரிக்கெட் ஆடிய பையன்கள், கரையோர கடைக்காரர்கள் சிக்கினார்கள்.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வந்த கூட்டத்தின் கண் முன்னால் கடல் உள்வாங்கியது. அதுவரை யாரும் பார்க்காத பாறைகள் தெரிந்தன. "அடேங்கப்பா" என்று வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு. விவேகானந்தர் பாறைக்கு போன நூற்றுக்கணக்கான சுற்றுலா பயணிகள் திரும்ப முடியாமல் நடுக்கடலில் தவித்தார்கள். பிறகுதான் மீட்கப்பட்டார்கள்.

கைநழுவிய 2½ மணி நேரம்

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம்.

பூகம்பம் வந்தது காலை 6.29 மணி. அலை வந்தது 9 மணி. நடுவில் கிட்டத்தட்ட 2½ மணி நேரம்.

ஆழ்கடலில் சுனாமி அலை மணிக்கு 700, 800 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும். விமான வேகம் அது. ஆனால் அங்கே அலையின் உயரம் சில அடிதான். மேலே கப்பலில் போகிறவர்களுக்கு தெரியக்கூட தெரியாது. கரை நெருங்க நெருங்க ஆழம் குறையும். அலையின் வேகமும் குறையும். பின்னால் வரும் தண்ணீர் முன்னால் உள்ள தண்ணீர் மேல் ஏறி சுவர் போல எழும்பும்.

சுமத்ராவில் இருந்து நம்ம கரைக்கு சுமார் 2 ஆயிரம் கிலோ மீட்டர். அதை கடக்க அலைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

2 மணி நேரம் என்பது சாதாரண நேரம் இல்லை. கைக்குழந்தையை தூக்கிக்கொண்டு நடந்தே 5 கிலோ மீட்டர் போய்விடலாம். நடக்க முடியாத பாட்டியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பலாம். மாநகராட்சி பஸ்சை வரவழைத்து மெரினாவை மொத்தமாக காலி செய்யலாம்.

அன்றைக்கு இல்லாதது நேரம் அல்ல. தகவல்.

இதற்கு ஒரு சாட்சி புதுச்சேரி பக்கத்தில் உள்ள நல்லவாடு மீனவ கிராமம். அந்த ஊர் வாலிபர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். டி.வி.யில் சுமத்ரா பூகம்ப செய்தியை பார்த்து, ஊருக்கு போன் போட்டார். ஊரில் கடல் நிலவரம் சொல்வதற்காக ஒலிபெருக்கி வைத்து இருந்தார்கள். அதில் "எல்லோரும் ஓடுங்க" என்று அறிவித்தார்கள். 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

செயற்கைக்கோள் இல்லை, பெரிய மெஷின் இல்லை. ஒரு போன், ஒரு மைக். அவ்வளவுதான்.

நமக்கு பூகம்பம் பயமா, சுனாமி பயமா?

"தமிழ்நாட்டில் பூகம்பம் வருமா?" என்று பலர் கேட்கிறார்கள். வரும். ஆனால் இமயமலை பக்கம் வருவது போல பெரிதாக வருவதற்கு வாய்ப்பு குறைவு.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந்தேதி இரவு புதுச்சேரிக்கு கிழக்கே கடலுக்கு அடியில் ரிக்டர் 5.5 அளவில் ஒரு பூகம்பம் வந்தது. சென்னை அடுக்குமாடி குடியிருப்புகளில் இருந்தவர்கள் அலறி அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். சுனாமி வரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு வெளியான நில நடுக்க வரைபடத்தில் சென்னை 2-வது மண்டலத்தில் இருந்து 3-வது மண்டலத்துக்கு மாற்றப்பட்டது.

நம்ம கரைக்கு உண்மையான ஆபத்து தூரத்தில் இருந்து வருவதுதான். அந்தமான், நிக்கோபார், சுமத்ரா வரிசையில் இந்திய நிலத்தட்டு பக்கத்து தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. சிக்கி நிற்கும் இடம் என்றைக்காவது பட்டென்று விடுபடும். அப்போது கடல் தரை தூக்கி அடிக்கும். மேலே உள்ள தண்ணீர் மொத்தமும் குலுங்கும். அதுதான் சுனாமி.

இது 2004-ல் மட்டும் நடந்தது அல்ல. 1881-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி கார் நிக்கோபார் அருகே வந்த பூகம்பத்தின் அலை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கடல்மட்ட கருவிகளில் பதிவானது. சின்ன அலைதான். ஆனால் அந்த வழி அப்போதே இருந்தது என்பதற்கு அது ஆதாரம்.

எல்லா பூகம்பமும் சுனாமி ஆகாது

இங்கேதான் ஜனங்கள் குழம்புகிறார்கள்.

2005-ம் ஆண்டு மார்ச் 28-ந்தேதி இரவு சுமத்ரா அருகே மறுபடியும் 8.6 அளவில் பூகம்பம். தமிழக கடலோரத்தில் ஜனங்கள் பிள்ளைகளை தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை.

2012-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந்தேதி பிற்பகல் 2.08 மணிக்கு அதே பக்கம் 8.6 அளவில் பூகம்பம். சென்னையில் மாடி ஆபீஸ்களில் இருந்தவர்கள் படியில் இறங்கி ஓடினார்கள். கடற்கரையில் இருந்தவர்களை போலீசார் அப்புறப்படுத்தினார்கள். 2 மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. அன்றைக்கும் நம்ம கரையை அலை தாக்கவில்லை. மாலையில் எச்சரிக்கை வாபஸ் ஆனது.

8.6 என்றால் பெரிய பூகம்பம்தானே, ஏன் அலை வரவில்லை?

2 பலகைகளை கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி தள்ளினால் மேல் பலகை தூக்கும். பக்கவாட்டில் உரசி தள்ளினால் தூக்காது. 2004-ல் கடல் தரை மேலே தூக்கியது. 2012-ல் பக்கவாட்டில் நகர்ந்தது. அதனால்தான் தண்ணீர் பெரிதாக குலுங்கவில்லை.

2004 டிசம்பர் 30-ந்தேதி நடந்ததையும் மறக்க முடியாது. மறுபடியும் சுனாமி வரலாம் என்று மத்திய அரசிடம் இருந்து எச்சரிக்கை வந்தது. நிவாரண பணியில் இருந்தவர்கள் உள்பட எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். அலை வரவில்லை. எச்சரிக்கையும் திரும்ப பெறப்பட்டது.

இப்படி 2, 3 முறை ஓடி ஏமாந்தால் என்ன ஆகும்? "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க" என்று நான்காவது முறை நகராமல் உட்கார்ந்து விடுவோம். அந்த நான்காவது முறைதான் அலை வரும். ஓடி ஏமாந்தால் ஒரு மணி நேரம் நஷ்டம். ஓடாமல் ஏமாந்தால்?

ஐதராபாத்தில் என்ன நடக்கிறது?

2004-ல் நம்ம நாட்டில் சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது. 2007-ம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையத்தில் அது தொடங்கப்பட்டது. இன்காய்ஸ் என்று சொல்கிறார்களே, அந்த மையம்தான்.

அங்கே 24 மணி நேரமும் ஆட்கள் டியூட்டியில் இருக்கிறார்கள். கடலுக்கு அடியில் பெரிய பூகம்பம் வந்தால் சுமார் 10 நிமிடத்தில் முதல் தகவல் தயார். அதன்பிறகு கடல் தரையில் தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும், துறைமுகங்களில் கடல்மட்டத்தை அளக்கும் கருவிகளும் என்ன சொல்கின்றன என்று பார்த்து, எச்சரிக்கையை கூட்டுவார்கள் அல்லது ரத்து செய்வார்கள்.

எச்சரிக்கையில் 3 படி இருக்கிறது. அலை 2 மீட்டருக்கு மேல் வரும் என்றால் கரையோரம் மொத்தத்தையும் காலி செய்ய வேண்டும். அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரை என்றால் கடற்கரையில் யாரும் நிற்கக்கூடாது. அதற்கும் கீழே என்றால் கவனமாக இருந்தால் போதும்.

ஆக, ஐதராபாத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தகவல் டெல்லிக்கு போகும். சென்னைக்கு வரும். மாவட்ட கலெக்டருக்கு வரும். அங்கிருந்து தாசில்தார், போலீஸ், ஊராட்சி என்று இறங்கும்.

மீனவ கிராமம் என்றால் ஊர் பஞ்சாயத்து இருக்கிறது. கோவில் மைக், சர்ச் மைக் இருக்கிறது. ஒருத்தருக்கு தெரிந்தால் ஊருக்கே தெரியும். எந்த சந்து வழியாக ஓடினால் மெயின் ரோடு வரும் என்று சின்ன பிள்ளைக்கும் தெரியும்.

வெளியூரில் இருந்து வந்தவருக்கு?

சேலத்தில் இருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்து லாட்ஜில் பையை போட்டாச்சு. எல்லோரும் கடலில் இறங்கியாச்சு. தண்ணீர் பட்டு கெட்டுவிடும் என்று செல்போனை எல்லாம் வேனிலேயே வைத்தாச்சு. டிரைவர் ராத்திரி முழுக்க ஓட்டிய அலுப்பில் சீட்டிலேயே தூங்குகிறார். அலை சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

இந்த குடும்பத்துக்கு யார் சொல்வது? எப்படி சொல்வது?

ஐதராபாத்தில் இருந்து ஆயிரம் கிலோ மீட்டர் தாண்டி வந்த தகவல், கடைசி 100 மீட்டரில் நின்றுவிடுகிறது.

2024-ல் கன்னியாகுமரி சொன்ன பாடம்

"சுனாமி எல்லாம் எப்போதோ ஒருமுறை வருவது" என்று சொல்லலாம். சரி. எப்போதோ வருவதை விடுங்கள். அடிக்கடி வருவதை பார்ப்போம்.

2024-ம் ஆண்டு மே மாத தொடக்கத்தில் தென் தமிழக, கேரள கரையில் கடல் சீற்றம் இருக்கும் என்று இதே ஐதராபாத் மையம் எச்சரித்தது. இதை கள்ளக்கடல் என்பார்கள். பல ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் தெற்கே அடித்த புயல்காற்றில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் திருடன் மாதிரி வந்து கரையேறும். வானம் தெளிவாக இருக்கும். ஒரு அறிகுறியும் இருக்காது.

மே 6-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி டாக்டர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். நாகர்கோவிலுக்கு கல்யாணத்துக்கு வந்தவர்கள். அப்படியே கடலை பார்த்துவிட்டு போகலாம் என்று போனவர்கள்.

எச்சரிக்கை இருந்தது. படித்த பிள்ளைகள். கையில் போன் இருந்திருக்கும். ஆனாலும் 5 உயிர் போனது. வெளியூரில் இருந்து வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கள்ளக்கடலுக்கே இந்த கதி என்றால், சுனாமிக்கு?

மற்ற ஊரில் என்ன செய்கிறார்கள்?

இந்தோனேசியாவில் 2018-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ராத்திரி. லீவு கூட்டம். கடற்கரை ஓட்டலில் பாட்டு கச்சேரி நடந்துகொண்டு இருந்தது. பின்னாலேயே அலை வந்து மேடையோடு அடித்துச்சென்றது. சுந்தா ஜலசந்தியில் உள்ள எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்ததால் வந்த சுனாமி அது. பெரிய பூகம்பம் வரவில்லை. அதனால் எச்சரிக்கையும் வரவில்லை. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அதே இந்தோனேசியாவில் சிமிலு என்று ஒரு தீவு. 2004 பூகம்பத்துக்கு மிக அருகில் இருந்த தீவு. ஆனால் 70 ஆயிரம் பேருக்கு மேல் வாழும் அந்த தீவில் இறந்தவர்கள் 10 பேருக்கும் குறைவு. காரணம், 1907-ம் ஆண்டு அங்கே ஒரு சுனாமி வந்தது. "பூமி ஆடி, கடல் உள்ளே போனால் மேட்டுக்கு ஓடு" என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு கதையாக சொல்லி வந்தார்கள். 97 வருடம் கழித்து அந்த கதை ஊரையே காப்பாற்றியது.

தாய்லாந்தில் புக்கெட் கடற்கரைக்கு குடும்பத்தோடு டூர் வந்த 10 வயது இங்கிலாந்து சிறுமி, தண்ணீர் நுரைத்து வந்த விதத்தை பார்த்து "இது சுனாமி" என்று கத்தினாள். 2 வாரத்துக்கு முன்னால்தான் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்த பாடத்தை நடத்தி இருந்தார். அந்த கடற்கரையில் இருந்த கூட்டம் முழுவதும் தப்பியது.

ஜப்பானில் கடலில் குளிப்பவர்களுக்கு சத்தம் கேட்காது என்பதற்காகவே 2020-ம் ஆண்டு முதல் ஒரு கொடியை அறிமுகப்படுத்தினார்கள். சிவப்பும் வெள்ளையுமாக கட்டம் போட்ட கொடி. அதை ஆட்டினால் சுனாமி வருகிறது என்று அர்த்தம். காது கேளாதவரும் புரிந்துகொள்ளலாம், மொழி தெரியாதவரும் புரிந்துகொள்ளலாம்.

2025-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி ரஷியாவின் கம்சத்கா பகுதியில் 8.8 அளவில் பூகம்பம் வந்தபோது ஜப்பானில் சுமார் 20 லட்சம் பேரை மேட்டு பகுதிக்கு போகச்சொன்னார்கள். அங்கே பெரிய அலை வரவில்லை. ஆனாலும் ஜனங்கள் போனார்கள்.

நம்ம நாட்டில் சுனாமிக்கு தயாரான ஊர்கள் என்று யுனெஸ்கோ அமைப்பு முதன்முதலாக 2020-ம் ஆண்டு 2 கிராமங்களுக்கு சான்று கொடுத்தது. 2-ம் ஒடிசாவில் இருக்கின்றன. அதிகமாக அடிபட்டது நாம். முதலில் பாடம் படித்தது அவர்கள்.

எந்த இடத்தில் என்ன சிக்கல்?

வேளாங்கண்ணி: கடற்கரைக்கு போகும் பாதை முழுக்க கடைகள். திருவிழா நேரத்தில் நகரவே இடம் இருக்காது. எல்லோரும் ஒரே பாதையில் திரும்பி ஓடினால் மிதிபட்டே சாக வேண்டியது வரும். வேறு வழி எது என்று முதலிலேயே பார்த்து வைப்பது நல்லது.

கன்னியாகுமரி: விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ந்தேதி கண்ணாடி பாலம் திறக்கப்பட்டது. அதை பார்ப்பதற்காகவே கூட்டம் வருகிறது. படகை நிறுத்திவிட்டால் பாறையில் இருப்பவர்கள் அங்கேயே இருக்க வேண்டியதுதான். அப்போது தண்ணீர் பக்கம் இறங்காமல் பாறையின் உச்சிக்கு போக வேண்டும். ஊழியர்கள் சொல்லாமல் படகில் ஏற முண்டியடிக்கக்கூடாது.

தனுஷ்கோடி: 1964-ம் ஆண்டு டிசம்பர் புயலில் கடல் ஏறி ஊரே அழிந்தது. ரெயிலையே அலை விழுங்கிய இடம். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்தார்கள். 2 பக்கமும் கடல், நடுவில் ஒரே ரோடு. அங்கே எச்சரிக்கை வந்தால் செல்பி எடுத்து முடித்துவிட்டு கிளம்பலாம் என்று நினைக்கவே கூடாது. உடனே வண்டியை திருப்ப வேண்டும்.

மெரினா: இங்கே ஒரு வசதி இருக்கிறது. ரோட்டை தாண்டினால் கான்கிரீட் கட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே ஏறலாம். ஆனால் கூவம் முகத்துவாரம் பக்கம் ஓடக்கூடாது. ஆற்று வாய் வழியாகத்தான் தண்ணீர் ரொம்ப தூரம் உள்ளே போகும்.

அந்தமான்: இப்போது நம்ம ஊரில் இருந்து நிறைய பேர் டூர் போகிறார்கள். அவர்களுக்கு 2 மணி நேரம் கிடையாது. பூகம்பம் பக்கத்திலேயே வருவதால் அலை சில நிமிடங்களில் வந்துவிடலாம். நிற்க முடியாத அளவுக்கு தரை ஆடினால் யார் சொல்வதற்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

டூர் கிளம்பும் முன்பு இதை படியுங்கள்

* லாட்ஜில் பையை வைத்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணே, கடல் பொங்கினா எந்த பக்கம் போகணும்?" உள்ளூர்க்காரருக்கு தெரியும்.

* குடும்பமே கடலில் இறங்க வேண்டாம். ஒருவர் மாற்றி ஒருவர் போனோடு கரையில் இருங்கள். அவர் கண் கடல் மேலேயும் போலீசார் மேலேயும் இருக்கட்டும்.

* கடற்கரையில் இருக்கும்போது தரை ஆடினால் அதுதான் எச்சரிக்கை. மைக் சத்தத்துக்கு காத்திருக்காதீர்கள்.

* கடல் திடீர் என்று உள்வாங்கினால் சிப்பி பொறுக்கவோ, போட்டோ எடுக்கவோ போகாதீர்கள். திரும்பி பார்க்காமல் ஓடுங்கள். ஆனால் கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்றும் நினைக்காதீர்கள். நேரடியாகவே தண்ணீர் ஏறியும் வரும்.

* எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கரையை விட்டு உள்ளே போங்கள். 2, 3 கிலோ மீட்டர் போனால் நல்லது. முடியாவிட்டால் பலமான கான்கிரீட் கட்டிடத்தின் 3-வது மாடிக்கோ அதற்கு மேலேயோ ஏறுங்கள்.

* ரோடு அடைத்துக்கொண்டால் வண்டிக்குள் உட்கார்ந்து இருக்காதீர்கள். இறங்கி நடங்கள்.

* முதல் அலை போய்விட்டது என்று பையை எடுக்க திரும்பாதீர்கள். சுனாமி ஒரே அலை கிடையாது. 10 நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்து அடுத்தது வரும். 2-வது, 3-வது அலை முதல் அலையை விட பெரிதாக இருக்கலாம்.

* வாட்ஸ்-அப்பில் வரும் வதந்தியை நம்பி ஓடவும் வேண்டாம், அதை பரப்பவும் வேண்டாம். மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இந்த 2 நம்பரையும் போனில் போட்டு வையுங்கள்.

அரசு செய்ய வேண்டியது என்ன?

2023-ம் ஆண்டு நம்ம போன்களில் எல்லாம் திடீர் என்று அலாரம் அடித்ததே, நினைவு இருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கை சோதனை அது. அந்த டவர் எல்லைக்குள் யார் போன் இருந்தாலும் சத்தம் வரும். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பாகுபாடு இல்லை. நெட் தேவை இல்லை. சுற்றுலா பயணிகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் போன் வேனில் கிடந்தால் அந்த அலாரம் யாருக்கு கேட்கும்? எனவே போனோடு சேர்த்து சைரனும் வேண்டும், கொடியும் வேண்டும். மாதம் ஒருமுறை அடித்துப்பார்த்து, வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். துருப்பிடித்த ஒலிபெருக்கி கம்பத்தில் தொங்குவதால் பிரயோஜனம் இல்லை.

எந்த பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்ட போர்டு கடற்கரையில் இருந்து மெயின் ரோடு வரை வேண்டும். படிக்க தெரியாதவருக்கும் புரியும்படி படமாக இருக்க வேண்டும். லாட்ஜ் ரூம் கதவுக்கு பின்னால் "காலி செய்யும் நேரம் காலை 9 மணி" என்று ஒட்டுகிறார்கள் அல்லவா? அதற்கு கீழேயே தப்பிக்கும் வழியையும் ஒரு படமாக ஒட்டலாம். ஒரு பேப்பர் செலவு.

இன்னொன்று. கடற்கரையில் சுண்டல் விற்பவர், பஜ்ஜி கடைக்காரர், குதிரை ஓட்டுபவர், பலூன் சுடும் கடை வைத்து இருப்பவர், போட்டோ எடுப்பவர் இவர்கள் எல்லாம் காலை முதல் இரவு வரை அங்கேயே இருக்கிறார்கள். கடலில் ஒரு மாற்றம் என்றால் முதலில் பார்ப்பது அவர்கள்தான். அவர்களுக்கு ஒருநாள் பயிற்சியும், ஆளுக்கு ஒரு விசிலும் கொடுத்தால் போதும். ஒவ்வொருவரும் 50 பேரை கிளப்பி விடுவார்கள். நல்லவாடு கிராமத்தில் ஒரு மைக் செய்த வேலையை இங்கே ஒரு விசில் செய்யும்.

கடலுக்கு போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வருடம் முழுக்க உழைத்துவிட்டு ஒருநாள் பிள்ளைகளோடு அலையில் நிற்பது நமக்கு கிடைக்கும் சின்ன சந்தோஷம். போங்கள். நன்றாக குளியுங்கள். சுண்டல் வாங்கி சாப்பிடுங்கள்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் மட்டும் கடலுக்கு முதுகை காட்டி நில்லுங்கள். ஓட வேண்டிய வழி எது என்று பாருங்கள். உங்கள் பிள்ளைக்கும் கைகாட்டி சொல்லுங்கள்.

அடுத்த அலை நாளைக்கும் வரலாம், நம்ம பேரப்பிள்ளை காலத்திலும் வரலாம். சிமிலு தீவு பாட்டிகளுக்கும் அது தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டு போனார்கள்.